மேலக்கா இறங்கி வரும் வரைக்கும்

அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் கையாட்டிக்கு வயிறு எரியும். இன்று நேற்றல்ல, வருஷக்கணக்காக எரிகிறது. காலையில் வேலைக்கு வந்ததைப் பதிய அந்தக் கதவு வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு வாசல் இருந்தால் சுற்றிக்கொண்டாவது போயிருப்பான்.

படத்தின் நடுவில் மேனேஜர், ஏதோ தானே தோளில் சுமந்து வந்து இறக்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மேஸ்திரி. ஓரத்தில் கையாட்டி, ஹெல்மெட் கோணலாக, கண் பாதி மூடி, தும்மப் போகிறவன் போல. பின்னால் கிரேன், அடி முதல் நுனி வரை முழுசாக. அதன் உச்சியில் உள்ள கண்ணாடிக் கூண்டில் வெயில் பட்டு ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள்தான் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். கப்பலின் சுழல்விசிறியை, ஒரு அறை அகலத்துக்கு விரிந்த பித்தளைப் பூவை, ஒரு கீறல் விழாமல் அதன் தண்டில் கொண்டுபோய்ச் செருகியவள் அவள். அவள் ஏணியில் பாதி இறங்குவதற்குள் படமெடுத்து, கைகுலுக்கி, கலைந்து போய்விட்டார்கள்.

"விடுங்களேன், கிரேன் தெரியுதுல்ல" என்பாள்.

"கிரேன் தெரியுது. அதை ஓட்டினவ எங்க?"

"உள்ளதான் இருக்கேன். நல்லா உத்துப் பாருங்க."

அவனும் உற்றுப் பார்த்திருக்கிறான். வெறும் வெளிச்சம்தான்.

அது கப்பல் பழுதுபார்க்கும் தளம். இரும்புத் துருவும் புதுப் பெயிண்டும் கலந்த வாடை எந்நேரமும் அடிக்கும் இடம். அவளை அங்கே எல்லோரும் மேலக்கா என்பார்கள். மேலே இருக்கிற அக்கா என்று யாரோ ஆரம்பித்தது சுருங்கி அப்படி ஆகிவிட்டது. அவளைவிட மூத்த மேஸ்திரியே மேலக்கா என்றுதான் கூப்பிடுவார். அவன் வேலை கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுவது. அதனால் அவன் கையாட்டி. "வீட்ல அவங்க உன்னை ஆட்டி வைக்கிறாங்க, இங்க நீ கையை ஆட்டுற. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேரு" என்று வெல்டர் ஒருத்தன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கையாட்டி பதிலுக்கு ஒரு பார்வை பார்ப்பான். அவன் முகமே அப்படித்தான், சந்தோஷமாக இருந்தாலும் கடன்காரனைப் பார்த்த முகம்.

அவள் முதலில் கப்பலின் அடிப்பக்கத்தில் துரு சுரண்டும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். கிரேன் ஓட்டத் தேர்வு வைக்கிறார்கள் என்று பலகையில் ஒட்டியதும் போய்ப் பெயர் கொடுத்தாள். ஆண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தேர்வு வைக்க வந்தவர் தரையில் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டி, "இதும்மேல பீப்பாயை வைம்மா, பார்க்கலாம்" என்றார். கூண்டு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி அவள் கேட்டாளாம்: "நாடாவோட எந்த ஓரத்துல சார்?" கேட்டபடியே வைத்தும் காட்டினாள். அன்றைக்கு வாயை மூடிய சில பேர் இன்றுவரை திறக்கவில்லை. இந்தக் கதையைக் கையாட்டி கேட்காதவர்களுக்கும் சொல்வான், கேட்டவர்களுக்கும் சொல்வான்.

அந்தத் தளத்தில் ஒரு சட்டம் உண்டு. ஏற்று, இறக்கு, இடம், வலம் என்று கிரேனுக்குக் காட்ட ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை. ஆளாளுக்குக் காட்டினால் குடி மூழ்கிவிடும். ஆனால் 'நிறுத்து' மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். தரை கூட்டுகிறவர் காட்டலாம், டீ கொண்டுவருகிறவர் காட்டலாம். கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்துக் குறுக்கே வீசினால் போதும். ஏன் எதற்கு என்று கேட்காமல் நிற்க வேண்டும். கேள்வியெல்லாம் நின்ற பிறகு.

அந்தச் சட்டம் மேலக்காவின் எலும்புக்குள் இறங்கியிருந்தது. வீட்டில் காய் நறுக்கும்போது அவன் சும்மா கையை நீட்டிக் குறுக்கே வீசினால் கத்தி அப்படியே நிற்கும். அப்புறம் அதே கத்தியைக் காட்டித் திட்டுவாள்.

நாற்பத்தைந்து தாண்டியதும் அவள் உடம்பு வேறு ஆளுடையது போல ஆகிவிட்டது. மாதவிலக்கு இஷ்டத்துக்கு வந்தது, இஷ்டத்துக்கு வராமல் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குபீரென்று ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்து, காது, மண்டை என்று ஏறும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் பக்கத்தில் கம்பளிக்குள் பல் கிட்டக் கிடப்பான். கண்ணாடிக் கூண்டுக்குள் கேட்கவே வேண்டாம். தூக்கம் போனது. பேச்சின் நடுவில் வார்த்தை போனது. "அதை எடுங்க, அதான், அந்த... அதை!" என்பாள். அவன் உப்பு டப்பா, துண்டு, சாவி என்று வரிசையாக எடுத்து நீட்டுவான். அவள் கேட்டது எதுவோ அது மட்டும் வராது. ஒருநாள் கிரேனின் லிவரில் கையை வைத்துக்கொண்டு, இது ஏற்றுவதா இறக்குவதா என்று ஒரு கணம் தெரியாமல் போய்விட்டது. சுமை தரையில்தான் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் கீழே வந்து மேஸ்திரியிடம், "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு, மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலத்தில் இதெல்லாம் வரும், உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்குகிறது, வேண்டுமானால் அதை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். இடுப்பில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை, இரவு போட ஒரு மாத்திரை. கையாட்டி அதைப் பிளாஸ்திரி என்றுதான் சொல்வான். சில வாரத்தில் பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள். தூங்கினாள். உப்பு டப்பாவை உப்பு டப்பா என்றே கேட்டாள். கூண்டிலிருந்து பழையபடி சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. "பிளாஸ்திரி ஒட்டிக் கிரேனையே ரிப்பேர் பண்ணிட்டாங்க" என்று அவன் சொன்னான். அவன் வாயிலிருந்து அது பெரிய வாழ்த்து.

இப்படி மூன்று வருஷம் நன்றாகப் போனது. அப்புறம்தான் அவள் தங்கச்சிக்கு மார்பில் கட்டி வந்தது. பரிசோதித்தார்கள், புற்றுதான் என்றார்கள், உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்துக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த தங்கச்சி முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீ அந்த ஹார்மோன் பட்டையை இன்னும் ஒட்டிட்டுதான் இருக்கியா?"

"ஆமா. ஏன்?"

"கழட்டு. இப்பவே கழட்டு. எனக்குத்தான் இப்படி ஆயிடுச்சு. நீயாவது எனக்கு இருக்கணும்."

மேலக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பட்டையை உரித்தாள். குப்பைக் கூடையின் மூடியில் அது ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. அன்று இரவு மாத்திரையும் போடவில்லை. கையாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். கழற்றியது நல்லது என்றும் தோன்றியது, ஐயோ என்றும் தோன்றியது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் தட்டைக் கழுவி வைத்தான்.

அதே வாரம் மேஸ்திரி அடுத்த பெரிய வேலையைச் சொன்னார். ஒரு கப்பலுக்குப் புது எஞ்சின் வருகிறது. மேல்தட்டைக் கிழித்துத் திறந்த ஓட்டை வழியாக அதை அடிவயிற்றுக்குள் இறக்க வேண்டும். சுற்றிலும் ஒரு கை நுழையும் இடைவெளிதான். கூண்டிலிருந்து பார்த்தால் ஓட்டைக்குள் ஒன்றும் தெரியாது, கையாட்டியின் கை ஒன்றுதான் கண். "மேலக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றார் மேஸ்திரி.

கவலை வந்துகொண்டுதான் இருந்தது. முதலில் வெக்கை திரும்பியது. பிறகு தூக்கம் போனது. பிறகு மூட்டு மூட்டாக வலி. ஏணியில் ஏறிப் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டில் அவள் பேச்சு இரண்டு சொல்லில் முடிந்தது. "ஃபேன் போடுங்க." "ஃபேன் நிறுத்துங்க." அவன் கையை ஸ்விட்சிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பேசாம ஸ்விட்ச் பக்கத்துலயே எனக்குப் படுக்கை போட்டுடு" என்றான்.

முன்பென்றால் சிரித்திருப்பாள். இப்போது அழுதாள். அவள் அழுது அவன் பார்த்தது கம்மி. தொங்கும் சுமைக்குப் பக்கத்தில் நிற்கப் பயப்படாதவன் அந்த அழுகைப் பக்கத்தில் நிற்கப் பயந்தான்.

ஒரு முற்பகல் அது நடந்தது. சாதாரண வேலை, ஒரு கட்டு இரும்புத் தகட்டைக் கப்பலிலிருந்து கரைக்கு மாற்றுவது. பாதி வழியில் பெயிண்ட் அடிக்கிற ஒருவன் குறுக்கே வந்துவிட, யாரோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்கள். நின்றது. பெயிண்ட்காரன் விலகிவிட்டான். கையாட்டி 'இறக்கு' என்று காட்டினான். கட்டு அசையவில்லை. மறுபடி காட்டினான். காற்றில் லேசாகச் சுழன்றபடி அது அந்தரத்திலேயே நின்றது. மேலே பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். வெகுநேரம் போலத் தோன்றிய சற்று நேரத்துக்குப் பிறகு கட்டு மெல்ல இறங்கியது, சரியான இடத்தில் உட்கார்ந்தது. அவளும் இறங்கி வந்து, கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"தலை சுத்திச்சு. லிவரைத் தொடக் கூடாதுன்னு கையை எடுத்துட்டேன். தெளிஞ்ச அப்புறம்தான் தொட்டேன்" என்றாள் மேஸ்திரியிடம். மறைக்கவில்லை, மழுப்பவில்லை.

மேஸ்திரி நல்ல மனுஷன்தான். ஆனாலும் மேஸ்திரி. கையாட்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எஞ்சின் இறக்குறதுக்குப் பக்கத்துத் தளத்துலேர்ந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கட்டுமா? மேலக்காகிட்ட எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு. நீயே முடிவு சொல்லிடு. நீதானே புருஷன்."

கையாட்டிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "நான் புருஷன். லிவரைப் பிடிக்கிறவன் இல்ல. உடம்பும் அவளோடது, கூண்டும் அவளோடது. கேக்குறதா இருந்தா அவகிட்ட கேளுங்க."

"அதுக்கு ஏம்பா இப்படி உறுமுற?"

"உறுமல. என் குரலே இதுதான்."

அன்று மாலை சமையலறையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஜன்னலோரம்தான் காற்று வந்தது, அங்கே நாற்காலி போட இடமில்லை. மேஸ்திரி கேட்டதை அவன் சொன்னான். அவள் தட்டை வைத்துவிட்டாள்.

"அவர் கேட்டது தப்பில்ல. இந்த உடம்போட என்னால எஞ்சினை இறக்க முடியாது."

"அப்ப பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டு."

"தங்கச்சி படுத்துக் கிடக்கிறா. அவ வேண்டாம்னு சொன்னதை அவ முதுகுக்குப் பின்னால ஒட்டிக்கவா?"

"அப்ப ஒட்டாதே."

"சொல்லிட்டீங்க பெரிசா! ஒட்டாம இருந்தா ஏணிகூட ஏற முடியல."

அவனுக்கு நீளமாகப் பேச வராது. ஆனால் காலையில் அந்தரத்தில் சுழன்ற தகட்டுக் கட்டு இன்னும் கண்ணிலேயே நின்றது. அதைப் பற்றித்தான் அவனுக்குப் பேசத் தெரியும்.

"இந்தா பாரு. உன் தங்கச்சி நிறுத்துன்னு கை காட்டினா. யார் காட்டினாலும் நிறுத்தணும், நீ நிறுத்தின. சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"அதுக்கு அப்புறம் யாரு சைகை கொடுத்தா? ஒருத்தரும் கொடுக்கல. நிறுத்தினா சுமை எங்க இருக்கும்? அந்தரத்துல இருக்கும். நாலு வாரமா உன்னை அந்தரத்துல தொங்கவிட்டுட்டு, ஏதோ கீழே இறக்கி வச்சுட்ட மாதிரி நம்ம எல்லாரும் நடமாடிட்டு இருக்கோம். நானும்தான். ஏத்துறதா இறக்குறதான்னு இனிமேதான் முடிவு பண்ணணும். நீ பண்ணணும்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல."

"எனக்குத் தொண்டை வலிக்குது. தண்ணி கொடு."

டாக்டரம்மா அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். நிறுத்தியதற்குத் திட்டவில்லை. "பயத்துல நிறுத்தியிருக்கீங்க. அதனால ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா ஒரேயடியா நிறுத்தினதால பழைய தொந்தரவெல்லாம் மொத்தமா திரும்பியிருக்கு" என்றார். முதலில் மார்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் குறை எதுவும் இல்லை என்று வந்த பிறகு உட்காரவைத்துப் பேசினார். கூடப் பிறந்தவளுக்கு வந்திருப்பதால் இவளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்த மருந்து அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். அது பெரிய அளவு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மருந்தால் கிடைக்கிற நன்மையும் இருக்கிறது. ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரையும் உண்டு, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இப்படி ஒவ்வொன்றாக விரித்து வைத்தார்.

"உங்களுக்கே இப்படின்னா நீங்க என்ன செய்வீங்க டாக்டர்?" என்று மேலக்கா கேட்டாள்.

"நான் நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கிறவ. என் பதில் உங்களுக்கு ஒத்துவராது. உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க, அதுக்கு எது பொருந்தும்னு நான் சொல்றேன்."

மேலக்கா தனக்கு முக்கியமானதைச் சொன்னாள், டாக்டரம்மா அதற்குப் பொருந்தும் வழியைச் சொன்னார். திரும்பும் வழியில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். தங்கச்சி தலையில் துணி கட்டிச் சாய்வு நாற்காலியில் இருந்தாள். கையாட்டி வாசல் பக்கம் நின்று, அவர்கள் வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணீரைச் சரிசெய்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"திரும்ப ஒட்டப் போறியாக்கா? அதைச் சொல்லத்தான் வந்தியா?" தங்கச்சியின் குரல் உடைந்தது.

"கேளுடி. ஒரேயடியா நிறுத்தினேன். முடியல. பழையபடி முழுசா ஏத்திக்கவும் எனக்கு மனசு வரல. அதனால பாதி அளவுல திரும்ப ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, அடுத்த வருஷத்துக்குள்ள அறவே விட்டுடலாம்னு இருக்கேன். மெதுவா இறக்கணும். நடுவுல உடம்பு மாட்டேன்னா டாக்டர்கிட்ட போய்த் திரும்பப் பேசுவேன். மார்புப் பரிசோதனை ஒண்ணைக்கூடத் தவற விடமாட்டேன்."

"எதுக்குக்கா இந்தப் பிடிவாதம்? அந்தக் கிரேன் இல்லாட்டி என்ன?"

"நான் உனக்கு இருக்கணும்னு சொன்ன. இருக்கேன். ஆனா நானா இருக்கணும்ல? தூங்காம, வார்த்தை வராம, வீட்டு மனுஷன்மேல எரிஞ்சு விழுந்துட்டு ஒருத்தி உனக்கு இருந்து என்ன பண்ணப் போறா?"

தங்கச்சி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மாமாமேல எரிஞ்சு விழறது பட்டை ஒட்டறதுக்கு முன்னாலயும் இருந்ததுதானே?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சமாதானம் முழுசாக ஆகவில்லை என்பது கையாட்டிக்குக் கேட்டது. கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்த தங்கச்சி விடவே இல்லை. குழாய் மட்டும் சரியாகிவிட்டது.

மறுநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, மேலக்கா மேஸ்திரி மேஜைக்குப் போய் நின்றாள். கையாட்டி வாயில் வைத்ததை மென்றும் விழுங்காமலும் உட்கார்ந்திருந்தான்.

"மேஸ்திரி, எனக்கு மாதவிலக்கு நிக்கிற காலம். அதுக்கு ஹார்மோன் மருந்து எடுக்கிறேன். நடுவுல நிறுத்தினேன், அதனாலதான் அன்னைக்குத் தலை சுத்திச்சு. இப்ப டாக்டர் சொல்லி அளவைக் குறைச்சு மறுபடி எடுக்கிறேன். எஞ்சினை நான்தான் இறக்குவேன். ஆனா அதுக்கு முன்னால தினமும் நான் ஏறி எடை இறக்கிக் காட்டுறேன், நீங்களே பாருங்க. ராத்திரி தூங்கலைன்னா அன்னைக்கு ஏற மாட்டேன். நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடுவேன்."

மாதவிலக்கு என்ற சொல்லை அந்தச் சுவர்கள் முதல் தடவை கேட்டிருக்கும். மேஸ்திரிக்குக் காது சிவந்துவிட்டது.

"அதை ஏன் மேலக்கா இவ்வளவு சத்தமா..." என்று இழுத்தார்.

"இவன் முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு போன மாசம் பூரா இந்தக் கூடத்துல கத்தினானே, அதைவிடச் சத்தம் கம்மிதான்" என்று வெல்டரைக் காட்டினாள். வெல்டரே முதலில் சிரித்தான். பிறகு கூடம் முழுதும் சிரித்தது.

டீ ஊற்றும் அம்மா கையாட்டியின் கோப்பையை நிரப்பிக்கொண்டே காதோடு கேட்டார்: "எந்த டாக்டர்கிட்ட போறாங்க?" சாயங்காலம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மேஸ்திரியும் அதையே கேட்டார். "என் வீட்ல ஜன்னலை மூடவே விடமாட்டேங்கறா" என்றார். கையாட்டி வழி சொன்னான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது அவன் நெஞ்சு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. போட்டோவில் மேனேஜர் நிற்கிற மாதிரி நிற்கிறோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்களில் இரண்டு தடவை அவள் ஏறவில்லை. காலையில் வந்து, "இன்னைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கீழேயே கயிறு சோதிக்கும் வேலையைப் பார்த்தாள். மற்ற நாட்களில் ஏறினாள், சொன்ன இடத்தில் சொன்ன ஓரத்தில் வைத்தாள். பாதி அளவு மருந்துக்கு வெக்கை முழுசாகப் போகவில்லை. கழுத்தில் ஒரு ஈரத்துணி எப்போதும் கிடந்தது. முழங்காலும் ஏணியில் முனகியது. ஆனால் தூக்கம் வந்துவிட்டது, கூண்டிலிருந்து சீட்டிச் சத்தமும் கேட்டது. மேஸ்திரி பக்கத்துத் தள ஆளைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

எஞ்சின் இறக்கும் நாள் காற்று ஓய்ந்திருந்தது. கிரேனின் அடியில் அவள் கையுறை மாட்டிக்கொண்டாள்.

"தூங்கினியா?"

"நீங்க விட்ட குறட்டையிலும் தூங்கினேன்னா பார்த்துக்கோங்க." ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "கையை மட்டும் காட்டுங்க. அந்த மூஞ்சியைக் காட்டாதீங்க. மேலேர்ந்து பார்த்தா ஏதோ சாவு வீடு மாதிரி இருக்கு."

அவன் போய்த் திறந்த தட்டின் விளிம்பில் நின்றான். எஞ்சின் எழும்பியது. வெயிலை மறைத்துக்கொண்டு, ஒரு சின்ன வீடு பெயர்ந்து வருவது போலத் தலைக்கு மேல் வந்தது. அவன் ஒரு விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றி, அதன் அடியில் மறு கையை விரித்து அசையாமல் பிடித்தான். மெதுவாக இறக்கு என்று அர்த்தம். அது இறங்கியது. எஞ்சினின் தோள்கள் ஓட்டைக்குள் புகுந்தன. இந்தப் பக்கம் ஒரு கை இடைவெளி, அந்தப் பக்கம் ஒரு கை இடைவெளி. அவளுக்கு இது எதுவும் தெரியாது, அவன் கை மட்டும் தெரியும். நடுவில் ஒருதரம் அவன் நிறுத்தினான், ஒரு பக்கம் நூலளவு பிசகு. நிறுத்தினான், பார்த்தான், வலப்பக்கம் ஒரு துளி என்று காட்டினான், பிறகு மறுபடி இறக்கச் சொன்னான். உள்ளிருந்து "உக்காந்துடுச்சு!" என்று பொருத்துகிறவர்களின் குரல் வந்தபோது, ஓர் உலோகச் சத்தம்கூட இல்லாமல் எஞ்சின் தன் இருக்கையில் இருந்தது.

அவன் மேலே பார்த்தான். சொன்னபடி மூஞ்சியைக் காட்டக் கூடாது என்று இருந்தவன் அதை மறந்துவிட்டான். பல் எல்லாம் தெரிந்தது.

அதற்குள் கீழே கைதட்டல். மேனேஜர் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்துவிட்டார், கூடவே போட்டோ எடுப்பவர். "வாங்க, வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம். கிரேன் பின்னால தெரியணும். கையாட்டி, வாய்யா, ஓரமா நில்லு."

கூண்டின் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலக்கா கழுத்துத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை நீட்டினாள்.

"ஏங்க! முட்டி மடங்க மாட்டேங்குது, இறங்க நேரமாகும்! நான் வர்ற வரைக்கும் அவங்களை நிறுத்தி வைங்க!"

கையாட்டி மேனேஜருக்கும் போட்டோக்காரருக்கும் எதிரே போய் நின்றான். கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்து, குறுக்கே வீசினான். தளத்தில் அத்தனை பேரும் நின்றார்கள். அவள் முதல் படியில் காலை வைத்தாள்.